காகிதத்தை நிற்கவைத்த ஆசிரியர்

நுழையும்முன்

நாற்காலி, குடம், கதவு, கட்டடம் என நாம் நாள்தோறும் புழங்கும் பொருள்கள் அனைத்தும் நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று அளவுகளைக் கொண்டவை. இவற்றை வடிவமைக்கக் கற்க வரும் மாணவர் முதல் நாளில் எதைச் செய்ய வேண்டும்? முன்னோர் செய்த வடிவங்களைப் பார்த்துப் படியெடுக்க வேண்டுமா? பொருளைத் தம் கையால் தொட்டு, மடித்து, வளைத்து அதன் இயல்பை அறிய வேண்டுமா? இரண்டாம் வழியை ஒழுங்கான கல்லூரிப் பாடமாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் யோசப் ஆல்பர்ஸ். அவரது வாழ்வையும் அவரிடம் பயின்ற மாணவர்களின் பட்டறிவையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கைத்தொழிற் குடும்பம்

செருமனியின் மேற்குப் பகுதியில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பாட்ராப் என்னும் ஊரில் 1888ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19ஆம் நாள் ஆல்பர்ஸ் பிறந்தார். தந்தை வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளர். தச்சு, குழாய் வேலை, கண்ணாடி வேலை எனப் பல தொழில்களிலும் கைதேர்ந்தவர். தாய் கொல்லர் குடும்பத்தில் வந்தவர். எனவே, ஆல்பர்ஸுக்கு முதற்பள்ளியாக அமைந்தது தந்தையின் பட்டறையே.

கதவுக்கு வண்ணம் பூசும்போது நடுவிலிருந்து தொடங்கி விளிம்பை நோக்கிச் செல்ல வேண்டும் என்று தந்தை கற்பித்தார். அவ்வாறு செய்தால் வழியும் வண்ணத்தைத் தூரிகையால் உடனுக்குடன் பிடித்துவிடலாம். சட்டையின் கைப்பகுதியும் அழுக்காகாது. சிறிய செய்திதான், ஆயினும், ஒரு வேலையைக் குறைந்த உழைப்பில், பொருள் வீணாகாமல், தூய்மையாகச் செய்யும் முறை அதில் அடங்கியிருந்தது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஓவியரான பின்னும் ஆல்பர்ஸ் தம் சதுர ஓவியங்களை நடுவிலிருந்தே தீட்டத் தொடங்கினார்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற அவர், 1908ஆம் ஆண்டு முதல் தொடக்கப் பள்ளிகளில் பணியாற்றினார். ஒரே வகுப்பில் பல பாடங்களையும் கற்பிக்கும் பொறுப்பு அவருடையது. பின்னர் பெர்லின், எசன், மியூனிக் ஆகிய நகரங்களில் கலை பயின்றார். மரபுவழி ஓவியப் பயிற்சி அவருக்கு முழு நிறைவைத் தரவில்லை.

முப்பத்திரண்டு வயது மாணவர்

முதல் உலகப்போரில் தோற்ற செருமனி வறுமையில் வாடிய காலம் அது. 1919ஆம் ஆண்டு வைமர் நகரில் வால்டர் குரோப்பியஸ் என்னும் கட்டடக்கலைஞர் பௌஹவுஸ் என்னும் கலைப்பள்ளியைத் தொடங்கினார். கலைஞரையும் கைத்தொழிலாளரையும் பிரித்துவைத்த சுவரை இடித்து, இருவரையும் ஒரே பட்டறையில் இணைப்பது அப்பள்ளியின் நோக்கம். அங்குச் சேரும் ஒவ்வொருவரும் முதலில் அடிப்படைப் பயிற்சி வகுப்பு ஒன்றைக் கற்க வேண்டும். அதில் தேறியவர்க்கே தச்சு, நெசவு, உலோகம் முதலான பட்டறைகளில் இடம் உண்டு.

1920ஆம் ஆண்டு ஆல்பர்ஸ் அப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை 32. பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர், தம்மைவிட இளையவர்களோடு அமர்ந்து முதல் பாடத்திலிருந்து மீண்டும் தொடங்கினார். கையில் பணமில்லை, வண்ணமும் திரைச்சீலையும் வாங்க வழியில்லை. ஆகவே, தோளில் ஒரு பையும் கையில் ஒரு சுத்தியலுமாக வைமர் நகரின் குப்பைமேட்டுக்குச் சென்றார். அங்குக் கிடந்த உடைந்த புட்டிகளின் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி வந்தார். அவற்றைக் கம்பியாலும் ஈயத்தாலும் இணைத்து, ஒளி ஊடுருவும் கண்ணாடிப் படங்களை உருவாக்கினார்.

பள்ளி விதிப்படி அவர் சுவரோவியப் பட்டறையில் சேர வேண்டும். சேருமாறு குரோப்பியஸ் பன்முறை நினைவூட்டினார். ஆல்பர்ஸோ கண்ணாடியை விட்டு விலகவில்லை. விதியை மீறினால் பள்ளியிலிருந்து வெளியேற நேரும் என்பதை அவர் அறிந்தே இருந்தார். ஆண்டின் இறுதியில் மாணவர் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, இதுவே தமக்குக் கடைசி வாய்ப்பு என்று எண்ணித் தம் கண்ணாடிப் படங்களை வைத்தார். ஆனால், ஆசிரியர் குழு அவரை வெளியேற்றவில்லை. அவர் படிப்பைத் தொடரலாம் என்றதோடு, பள்ளிக்கென ஒரு கண்ணாடிப் பட்டறையை அமைக்கும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தது.

குப்பையெனப் பிறர் எறிந்தது ஒருவரின் வாழ்வை நிலைநிறுத்தியது. பொருளின் மதிப்பு அதன் விலையில் இல்லை. அதன் இயல்பைக் கண்டறியும் கண்ணிலும் கையிலும் உள்ளது என்னும் உண்மையை ஆல்பர்ஸ் நூலில் படித்து அறியவில்லை. வறுமையில் வாழ்ந்து அறிந்தார்.

தாள் தந்த பாடம்

1923ஆம் ஆண்டு, அடிப்படை வகுப்பை நடத்திவந்த யோகானஸ் இட்டன் பள்ளியை விட்டு நீங்கினார். கைத்தொழில் மரபில் வந்தவர் என்பதால், புதிய மாணவர்களுக்குப் பொருள்களைக் கையாளக் கற்பிக்குமாறு ஆல்பர்ஸை குரோப்பியஸ் கேட்டுக்கொண்டார். அவரோடு மொகோலி-நாகி என்னும் ஹங்கேரியக் கலைஞரும் அவ்வகுப்பை நடத்தினார். 1925ஆம் ஆண்டு பள்ளி டெசாவ் நகருக்கு மாறியது. அவ்வாண்டே ஆல்பர்ஸ், அப்பள்ளி மாணவியும் நெசவுக் கலைஞருமான ஆனியை மணந்தார். 1928ஆம் ஆண்டு மொகோலி-நாகி விலகிய பின் அடிப்படை வகுப்பின் முழுப்பொறுப்பும் ஆல்பர்ஸிடம் வந்தது.

அவ்வகுப்பின் முதல் நாள் மாணவர் பலர்க்கும் மறக்க முடியாததாக அமைந்தது. ஒருமுறை ஆல்பர்ஸ் ஒரு கட்டுச் செய்தித்தாள்களோடு வகுப்புக்குள் நுழைந்தார். அவற்றை மாணவர்களிடம் பகிர்ந்து கொடுத்தார். நாம் செல்வர் அல்லர். பொருளையும் காலத்தையும் வீணாக்க நமக்கு உரிமை இல்லை என்றார். இத்தாளைக் கொண்டு, இப்போது இருப்பதைக் காட்டிலும் மேலான ஒன்றைச் செய்யுங்கள். தாளின் இயல்புக்கு மதிப்பளியுங்கள். கருவியும் பசையும் இல்லாமல் செய்ய முடிந்தால் இன்னும் நன்று என்று கூறிவிட்டு வெளியே சென்றார்.

சில மணி நேரம் கழித்து அவர் திரும்பியபோது வகுப்பின் தரை முழுவதும் படைப்புகள் பரவிக் கிடந்தன. கோட்டைகள், படகுகள், வானூர்திகள், விலங்குகள், முகமூடிகள் என ஒவ்வொருவரும் தத்தம் திறமையைக் காட்டியிருந்தனர். பாராட்டை எதிர்பார்த்து நின்றவர்களுக்கு ஏமாற்றமே கிட்டியது. இவையெல்லாம் மழலையர் பள்ளி வேலைகள்; கல்லிலோ மரத்திலோ உலோகத்திலோ இவற்றை இன்னும் சிறப்பாகச் செய்யலாமே என்றார் ஆல்பர்ஸ்.

பிறகு, எவரும் பொருட்படுத்தாத ஒன்றின் பக்கம் அவர் திரும்பினார். ஹங்கேரியிலிருந்து வந்த இளம் கட்டடக்கலைஞர் ஒருவர் செய்தித்தாளை நெடுக்காக மடித்து, மடக்குத் தட்டியைப் போல நிறுத்தியிருந்தார். வேறொன்றும் செய்யவில்லை. ஆல்பர்ஸ் அதனை விளக்கினார். தாள் மென்மையானது, தானாக நிற்காது. ஒரு மடிப்பு அதற்கு உறுதியைத் தந்துவிட்டது. தாளின் மிக மெல்லிய பகுதியாகிய விளிம்பின்மீதே அது நிற்கிறது. மேசைமேல் கிடக்கும் தாளின் ஒரு பக்கம் மட்டுமே நம் கண்ணுக்குப் படும். நிற்கும் தாளின் இரு பக்கங்களும் கண்ணோடு பேசுகின்றன. சோர்ந்து கிடந்த தாள் நிமிர்ந்துவிட்டது.

மாணவர்கள் அன்று இரண்டைக் கற்றனர். தாம் அறிந்த வடிவத்தைப் பொருளின்மீது திணிப்பது படைப்பு ஆகாது என்பது ஒன்று. மிகுந்த உழைப்பைக் காட்டிலும் பொருத்தமான ஒரு சிறு செயல் மேலானதாக இருக்கக்கூடும் என்பது மற்றொன்று.

பொருளும் இடைவெளியும்

ஆல்பர்ஸின் பயிற்சிகள் எளியவை போலத் தோன்றினும் அவற்றுள் ஒழுங்கு இருந்தது. தொடக்கத்தில் மாணவர்கள் தாம் விரும்பிய பொருளை எடுத்துக்கொண்டு, கருவிகளை இயன்ற அளவு குறைத்துக்கொண்டு ஆராய்ந்தனர். நெளிவுகள் கொண்ட அட்டை, கம்பிவலை, தீப்பெட்டி, சவர அலகு, இசைத்தட்டு ஊசி எனக் கலைக்கூடங்கள் மதிக்காத பொருள்களையே அவர் பெரிதும் பயன்படுத்தச் செய்தார். பழக்கப்பட்ட பொருள் கிடைத்தால் மாணவர் பழக்கப்பட்ட முறையையே பின்பற்றுவர். புதுப்பொருள் கிடைத்தால் தாமே வழி தேட வேண்டியிருக்கும் என்பது அவரது எண்ணம். கூடை முடைவோர், பெட்டி செய்வோர், நாற்காலி செய்வோர், பீப்பாய் செய்வோர் ஆகியோரின் பட்டறைகளுக்கு மாணவர்களை அழைத்துச் சென்று, பொருளைக் கைவல்லோர் கையாளும் முறையையும் காணச் செய்தார்.

அவரது வகுப்பில் இருவகைப் பயிற்சிகள் இருந்தன. ஒரு பொருள் எவ்வளவு பாரம் தாங்கும், எங்கு வளையும், எங்கு முறியும் என அதன் உள்வலிமையை ஆராய்வது ஒன்று. அப்பொருளின் மேற்பரப்பு சொரசொரப்பானதா வழுவழுப்பானதா, வேறொரு பொருளின் அருகில் வைத்தால் எவ்வாறு மாறித் தோன்றுகிறது என ஆராய்வது மற்றொன்று. முன்னதைக் கை கற்றது. பின்னதைக் கண் கற்றது.

வீணாக்காமை அவ்வகுப்பின் அறமாக விளங்கியது. ஒரு தாளை வெட்டி வடிவம் செய்தால் எஞ்சிய துண்டுக்கும் பணி இருக்க வேண்டும். அதனால் மாணவர் பலர் தாளை வெட்டினர்; ஆனால், எதையும் வெட்டி எறியவில்லை. கீறி, விரித்து, மடித்து ஒரே தாளிலிருந்து முழு வடிவத்தையும் எழுப்பினர். பொருளுக்குப் பொருந்தியது இடைவெளிக்கும் பொருந்தியது. தூண்களுக்கு இடையிலுள்ள வெற்றிடம் தூண்களைப் போலவே வடிவத்தின் பகுதி என்பதை மாணவர்கள் உணர்ந்தனர். முப்பரிமாண வடிவமைப்பின் அடிப்படைப் பாடம் இதுவே.

அவ்வகுப்பில் பிறந்த ஒரு மடிப்பு குறிப்பிடத்தக்கது. வட்டமான தாளில் ஒரே மையத்தைக் கொண்ட பல வட்டக்கோடுகளை இட்டு, ஒன்றை மேலாகவும் அடுத்ததைக் கீழாகவும் மாற்றி மாற்றி மடித்தால், தட்டையான தாள் தானே வளைந்து குதிரைச் சேணத்தின் வடிவத்தைப் பெறுகிறது. செய்பவர் அவ்வடிவத்தைத் திட்டமிடுவதில்லை. மடிப்புக்கு உட்பட்ட தாளே அதனைத் தேர்கிறது. 1920களின் பிற்பகுதியில் மாணவர் செய்த இப்பயிற்சி, பின்னாளில் கணித அறிஞர்களின் ஆய்வுக்கும் உரியதாயிற்று.

வகுப்பின் முடிவில் எல்லாப் படைப்புகளும் தரையில் வைக்கப்படும். மாணவர்கள் சுற்றிநின்று ஒவ்வொன்றையும் குறித்து உரையாடுவர். எவ்வளவு பொருள் செலவாயிற்று, அதற்கு ஈடான பயன் விளைந்ததா என்பதே முதல் வினா. பிறர் படைப்பை ஆராயவும் தம் படைப்பின் குறையைக் கேட்டுப் பொறுக்கவும் மாணவர்கள் அங்குப் பழகினர்.

மூடப்பட்ட பள்ளி

1932ஆம் ஆண்டு டெசாவ் நகர மன்றத்தில் நாசிக் கட்சியினர் பள்ளிக்கு எதிராக நின்றதால் பௌஹவுஸ் அங்கிருந்து வெளியேற்றப்பட்டுப் பெர்லினுக்கு மாறியது. 1933ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் காவலர்கள் பள்ளியைச் சோதனையிட்டு முத்திரையிட்டனர். நாசி அரசின் நிபந்தனைகளுக்கு இணங்கிப் பள்ளியைத் தொடர்வதை விட, அதனைக் கலைத்துவிடுவதே மேல் என ஆசிரியர்கள் முடிவெடுத்தனர். அவர்களுள் ஆல்பர்ஸும் ஒருவர். ஆனி யூத வழியில் வந்தவர். வேலையும் இல்லை, தாய்நாட்டில் பாதுகாப்பும் இல்லை.

அந்நிலையில் அமெரிக்காவின் வடக்குக் கரோலினா மாநிலத்தில் புதிதாகத் தொடங்கப்பட்ட பிளாக் மவுண்டன் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. 1933ஆம் ஆண்டு நவம்பரில் இருவரும் அங்குச் சென்றனர். ஆல்பர்ஸுக்கு அப்போது ஆங்கிலம் சரிவரத் தெரியாது. கல்லூரியில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று மாணவர் கேட்டபோது, கண்களைத் திறக்கப் போகிறேன் என்னும் பொருள்படத் தமக்குத் தெரிந்த சில சொற்களில் விடையளித்தார். அதுவே அவரது வாழ்நாள் குறிக்கோளாயிற்று.

மலைச்சாரல் கல்லூரி

பிளாக் மவுண்டன் வசதியற்ற சிறு கல்லூரி. மாணவரும் ஆசிரியரும் பண்ணையில் உழைத்தனர். 1940களின் தொடக்கத்தில் கல்லூரிக் கட்டடத்தையும் சேர்ந்தே எழுப்பினர். பயிற்சிக்குப் பொருள் வாங்கப் பணம் இல்லாத குறையை ஆல்பர்ஸ் ஒரு குறையாகவே கருதவில்லை. காட்டில் உதிர்ந்த இலை, மரப்பட்டை, பாசி, கல், முட்டை ஓடு, துருப்பிடித்த கம்பி ஆகியவை பாடப்பொருள்களாயின. அறிமுக வகுப்பில் எல்லாத் துறை மாணவரும் அமரலாம். ஓவியர்களை உருவாக்குவது அவ்வகுப்பின் நோக்கமன்று. உற்றுநோக்கும் மனிதரை உருவாக்குவதே நோக்கம்.

1946ஆம் ஆண்டு அங்கு மாணவியாக வந்தார் ரூத் அசாவா. கலிபோர்னியாவில் உழவுத்தொழில் செய்த சப்பானியக் குடும்பத்தின் மகள். இரண்டாம் உலகப்போரின்போது சப்பானிய வழியினர் என்பதற்காகவே அவரது குடும்பத்தினர் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டனர். பின்னர் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்த அவருக்கு, அதே காரணத்தால் வகுப்பில் கற்பித்துப் பழகும் வாய்ப்பு மறுக்கப்பட்டது. கதவுகள் மூடப்பட்ட நிலையில் வந்த அம்மாணவிக்கு ஆல்பர்ஸின் வகுப்பு புதுவழியைத் திறந்தது. ஒரு கோடு இடத்தைச் சூழ்ந்து நிற்க முடியும். உள்ளும் புறமும் ஒருசேரத் தெரிய முடியும் என்பதை அங்கு அவர் கற்றார். 1947ஆம் ஆண்டு மெக்சிகோவின் டொலுக்கா நகரில், முட்டை எடுத்துச் செல்லும் கம்பிக்கூடைகளைப் பின்னும் முறையை அறிந்தார். அவ்வெளிய கைத்தொழிலும் ஆல்பர்ஸின் பாடமும் இணைந்தபோது, கூரையிலிருந்து தொங்கும் அவரது புகழ்பெற்ற கம்பிச் சிற்பங்கள் பிறந்தன.

மாணவர் கண்ட ஆசிரியர்

ஆல்பர்ஸின் வகுப்பு எல்லார்க்கும் இனிதாக இருந்ததென்று கூற இயலாது. அவர் கண்டிப்பானவர். மனத்தில் தோன்றியதையெல்லாம் வெளிப்படுத்துவதே கலை என்று எண்ணி வந்தவர்களை அவர் ஏற்கவில்லை. முதலில் காணக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற ராபர்ட் ராசன்பர்க், 1948ஆம் ஆண்டு அவரிடம் மாணவராகச் சேர்ந்தார். ராசன்பர்க்கின் கட்டுப்பாடற்ற போக்கும் ஆசிரியரின் ஒழுங்கும் ஒத்துப்போகவில்லை. வகுப்பில் கடுமையான திறனாய்வுக்கு அவர் உள்ளானார். ஆயினும், தமக்கு வாய்த்த ஆசிரியர்களுள் மிக இன்றியமையாதவர் ஆல்பர்ஸே என்று அவர் பிற்காலத்தில் மதிப்பிட்டார்.

ஒரு வகையில் இதுவே அக்கல்வியின் வெற்றி. தம்மைப்போல ஓவியம் தீட்டும் மாணவரை உருவாக்க ஆல்பர்ஸ் முயலவில்லை. அசாவாவின் சிற்பம் ஆல்பர்ஸின் ஓவியத்தைப் போன்றதன்று. ராசன்பர்க்கின் படைப்பு இருவருடையதையும் போன்றதன்று. ஆசிரியர் விடையைத் தந்திருந்தால் எல்லாரும் ஒன்றுபோல் செய்திருப்பர். அவர் வினாவை மட்டும் தந்தார்.

நிறைவும் தொடர்ச்சியும்

1949ஆம் ஆண்டு பிளாக் மவுண்டனை விட்டு நீங்கிய ஆல்பர்ஸ், 1950 முதல் 1958 வரை யேல் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புத் துறைத் தலைவராகப் பணியாற்றினார். சதுரத்துக்குள் சதுரமாக அமைத்து வண்ணங்களின் உறவை ஆராயும் ஓவிய வரிசையை 1950ஆம் ஆண்டு தொடங்கி, இறுதிவரை தீட்டிவந்தார். வண்ணங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் தன்மையை விளக்கும் அவரது நூல் 1963ஆம் ஆண்டு வெளிவந்தது. 1971ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அவரது படைப்புகளைத் தனிக்காட்சியாக வைத்தது. வாழும் கலைஞர் ஒருவருக்கு அவ்வருங்காட்சியகம் அத்தகைய சிறப்பைச் செய்தது அதுவே முதன்முறை. 1976ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் ஆல்பர்ஸ் இயற்கை எய்தினார்.

அவரது பாடம் அவரோடு முடியவில்லை. செருமனியின் உல்ம் நகரில் போருக்குப்பின் தோன்றிய வடிவமைப்புக் கல்லூரியிலும் அவர் சிறிதுகாலம் கற்பித்தார். பௌஹவுஸ், உல்ம் ஆகிய பள்ளிகளின் கல்விமுறை, 1961ஆம் ஆண்டு அகமதாபாத்தில் தொடங்கப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் அடிப்படைப் பயிற்சியிலும் தாக்கம் செலுத்தியது. இன்றும் கட்டடக்கலை, வடிவமைப்புக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் தாளை மடித்துப் பாரம் தாங்கச் செய்கின்றனர்; கம்பியை வளைத்து இடைவெளியைச் சூழ்கின்றனர்.

அசாவா 1968ஆம் ஆண்டு சான்பிரான்சிசுகோவில் பொதுப்பள்ளிக் குழந்தைகளுக்கான கலைப்பட்டறையைத் தொடங்கினார். விலையுயர்ந்த பொருள்களை அவர் நாடவில்லை. பால் அடைத்து வந்த அட்டைப்பெட்டிகளை மடித்து வடிவங்கள் செய்யவும், மாவும் உப்பும் நீரும் கலந்து பிசைந்து உருவங்கள் செய்யவும் கற்பித்தார். அந்நகரில் உள்ள ஒரு நீரூற்றின் புடைப்புச் சிற்பங்கள், பலரும் சேர்ந்து அத்தகைய மாவில் செய்து, பின்னர் வெண்கலத்தில் வார்த்தவையே. குப்பைமேட்டில் கண்ணாடி பொறுக்கிய மாணவர் ஆசிரியரானார். அவரிடம் பயின்ற மாணவி, எறியப்படும் பெட்டியைக் குழந்தைகள் கையில் கொடுத்தார். இல்லாமையைக் காரணம் காட்டி நின்றுவிடாமல், இருப்பதன் ஆற்றலைக் கண்டறியும் கல்வி இவ்வாறு தலைமுறை கடந்து தொடர்ந்தது.